பலாலி: ஓர் ஓடுபாதையின் நீளம்

பலாலியிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 185 கிலோமீற்றரில் திருச்சிராப்பள்ளி வந்துவிடும். கொழும்பின் தென்புறத்திலுள்ள இரத்மலானைக்கு அதே கோட்டை 330 கிலோமீற்றர் வரை நீட்ட வேண்டும். சென்னைக்கு 355. யாழ்ப்பாணத்து விமான நிலையத்துக்குத் தன் நாட்டுத் தலைநகரும் அயல்நாட்டுச் சென்னையும் அநேகமாகச் சமதூரம். காவிரிக்கரை நகரமோ இரண்டையும்விட வெகு கிட்ட.

கடல் அகலவில்லை, நிலம் நகரவில்லை. 1947இலும் இதே கணக்குத்தான், இன்றும் இதே கணக்குத்தான். ஆனாலும் கடலைக் கடக்கும் கோடுகளின்மேல் பயணிகள் விமானம் பறக்காமல் கழிந்த காலம் ஒரு தலைமுறைக்கு மேல். பலாலியில் பிறந்து, விமானம் என்றால் குண்டு போடுவது என்று மட்டும் அறிந்து, நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உண்டு.

இந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு சிறிய பிராந்திய விமான நிலையம் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட விசிறி விமானங்கள், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சேவைகள், ஒரே ஒரு சிறு முனையக் கட்டடம். பார்க்கிறதுக்குச் சிறியதுதான். ஆனால் பலாலி சிறியதாகப் பிறக்கவில்லை. சிறியதாக்கப்பட்டது. எப்படி, யாரால், எந்த நிலத்தின் செலவில் என்பதை அறிய அதன் ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தாலே போதும். நடக்க விடமாட்டார்கள் என்பது வேறு விடயம்.

ஓடுபாதை போட்டவர்கள் பிரித்தானிய அரச வான்படையினர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்து, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பிறகு, இலங்கைத் தீவு இந்து சமுத்திரத்தின் காவல்மாடமாகிவிட்டது. அந்தக் காலத்தில் தீவெங்கும் முளைத்த இறங்குதளங்களில் பலாலியும் ஒன்று. இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு மண் தெரிந்திருக்கிறது. வலிகாமம் வடக்கு செம்பாட்டு மண். அதன் கீழே சுண்ணாம்புக்கல். தட்டையான, இறுகிய, நீர் தேங்காத தரை. காங்கேசன்துறையில் பின்னாளில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததற்கும் இதே கல்தான் காரணம். அந்தச் செம்பாட்டில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழையும் விளைந்துகொண்டிருந்தன என்பது போர்க்காலத்தில் யாருக்கும் பெரிய தடையாகத் தோன்றவில்லை.

ஓடுபாதையின் எண் 05/23. காந்தத் திசைமானியில் ஒரு முனை ஏறத்தாழ 50 பாகையையும் மறுமுனை 230 பாகையையும் நோக்குகிறது என்பது அதன் பொருள். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு. விமானம் காற்றை எதிர்த்தே ஏற வேண்டும், எதிர்த்தே இறங்க வேண்டும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் தேவையான தூக்குவிசை கிடைக்கும். மாரியில் வாடையும் கோடையில் சோளகமும் வீசுகிற ஊரில் வேறு எந்தத் திசையில் பாதை போடுவது? தோணிக்காரரும் தோட்டக்காரரும் காலங்காலமாக அறிந்திருந்ததை வான்படைப் பொறியியலாளர் பாகைக் கணக்கில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

போர் முடிந்தது. அதே வான்படை அமைத்த இன்னொரு தளம் நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் இருந்தது. இரண்டு தளங்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். மூத்தது எது, இளையது எது என்று அப்போது யாரும் தீர்மானித்திருக்கவில்லை. சொல்லப்போனால் முதல் அதிர்ஷ்டம் பலாலிக்குத்தான்.

1947 டிசம்பர் 10ஆம் திகதி, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், எயார் சிலோன் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. போக்குவரத்து அமைச்சராக இருந்த ஜோன் கொத்தலாவலை முன்னின்று உருவாக்கிய நிறுவனம் அது. முதல் தடம்: இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. பலாலித் தளத்துக்கு அப்போது காங்கேசன்துறை விமான நிலையம் என்றே பெயர். ஆக, இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே வெளிநாட்டுக்குப் பறந்தது. பறந்தது யாழ்ப்பாணம் வழியாக. தலைநகரிலிருந்து நேரே சென்னைக்குப் போகாமல் வடக்கில் ஒருமுறை இறங்கியதற்கு அன்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. வழியில் இருந்த ஊர், இறங்கினார்கள்.

நிறுவனத்திடம் மூன்று டகோட்டா விமானங்கள் இருந்தன. பெயர்கள்: சீதா தேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஆகாய மார்க்கமாகப் போய்வரும் ஊர்திக்குச் சீதையின் பெயரை வைத்தவர் ஒன்றில் நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவராக இருந்திருக்க வேண்டும், அல்லது இராமாயணத்தை அந்தக் கோணத்தில் யோசிக்காதவராக இருந்திருக்க வேண்டும். மூன்றில் விகாரமகாதேவிக்கு ஆயுள் குறைவு. 1949 டிசம்பரில் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி ஏறி, திருச்சிராப்பள்ளியில் தரைதொட்டபோது ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் ஓடிப்போய்ச் சிதைந்தது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினார்கள். விபத்தை இங்கே சொல்வதற்குக் காரணம், அது ஒரு சாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு விமானம் என்பது 2025இல் கண்டுபிடிக்கப்பட்ட புதுமை அல்ல.

அந்தக் காலத்தில் விமானம் வசதியுள்ளவர்களின் வாகனம். மற்றவர்களுக்கு ரயிலும் கப்பலும் இருந்தன: தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுகரையில் சென்னைக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போனது. விமானம், ரயில், கப்பல் மூன்றும் ஒரே திசையில் ஓடிய அந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போவதும், சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனத்துக்குப் போவதும் கடல்கடந்த பயணமாகவே எண்ணப்படவில்லை.

இதற்கிடையே கட்டுநாயக்க வளர்ந்தது. 1957இல் பிரித்தானியர் தளங்களை ஒப்படைத்துப் போன பின், பெரிய ஜெட் விமானங்களுக்கு ஏற்ற ஓடுபாதையும் முனையமும் அங்கே 1960களில் எழுந்தன. பின்னர் பண்டாரநாயக்கவின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சிறு தீவில் ஒரு பெரிய வாசல் போதும் என்ற கணக்கு நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்கு, வடக்கின் வாசல் திறந்திருக்கிறதா என்பதைப் பற்றிக் கவலைப்படாத கணக்கு. டகோட்டா போய் அவ்ரோ வந்தது. பலாலியின் ஓடுபாதை அவ்ரோவுக்குப் போதும். எனவே யாரும் அதைத் தொடவில்லை. முதலீடு செய்யாமல் விடுவதும் ஒரு முடிவு என்பதை அந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன.

1978 செப்டெம்பர் 7. இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அன்று இரத்மலானையில் நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. பலாலியிலிருந்து பயணிகளை ஏற்றிவந்து இறக்கிய விமானம் அது, உயிரிழப்பு இல்லை. செய்தவர்கள் தமிழ் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். எயார் சிலோனும் அந்தக் காலத்தோடு மூடப்பட்டு, 1979இல் எயார் லங்கா வந்தது. அதன் பார்வை ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இருந்தது. வடக்கு அதன் வரைபடத்தில் இல்லை.

பிறகு பலாலிக்கு வந்தவர்கள் பயணச்சீட்டு வாங்கி வந்தவர்கள் அல்லர். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே இந்திய அமைதிப்படை அங்கே இறங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் திகதி, பலாலித் தளத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் பன்னிரண்டு பேர் சயனைட் அருந்தி இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் இந்தியப் படையின் ஹெலிகொப்டர்கள் அதே தளத்திலிருந்து கிளம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. ஒப்பந்தம் முறிந்து போரான இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் இந்த ஓடுபாதையைக் காட்டுவேன்.

1990 மார்ச்சில் அமைதிப்படை போனது. ஜூனில் அடுத்த போர் தொடங்கியது. அந்த ஜூன் மாதந்தான் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் காலியாயின. பலாலி, மயிலிட்டி, கட்டுவன், வசாவிளான், குரும்பசிட்டி, தையிட்டி. ஷெல்லடிக்கு ஒதுங்கி இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று, மாட்டை அவிழ்த்துவிட்டு, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுப் போனவர்கள். பலர் திரும்பவில்லை. குடாநாட்டின் பெரும்பகுதி 1995 வரை புலிகளின் கையில் இருக்க, பலாலி கடலாலும் வானாலும் உணவூட்டப்பட்ட இராணுவத் தீவாக நின்றது. யாழ்தேவி ரயில் நின்றுபோயிற்று. எஞ்சிய இணைப்பு ஓடுபாதைதான், அதுவும் இராணுவத்துக்கு.

ஒரு தளத்தின் உயிர் ஓடுபாதையில் இருந்தால், அந்த ஓடுபாதையைத் தாக்கக்கூடிய தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு ஆள் இருக்கக்கூடாது என்று இராணுவம் நினைக்கும். மோட்டார் எறிகணையின் வீச்சு கூடக்கூட வலயமும் அகன்றது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல் அப்படித்தான் எங்கள் பேச்சில் புகுந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த நாள்களில் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. இறந்தவர்கள் நூறை நெருங்குவர். அதன் பிறகு வலயம் சுருங்குவது பற்றிப் பேச்சே இல்லை.

1995 இறுதியில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமானது. தரைப்பாதை வன்னியில் அறுந்து கிடந்ததால் கொழும்புக்குப் போக மக்களுக்குக் கப்பல் அல்லது விமானம். தனியார் நிறுவனமான லயன் எயார், பெலாரஸ் நாட்டின் கோமெலாவியாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்த அந்தோனோவ் 24 விமானங்களை இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே ஓட்டியது. சோவியத் காலத்து இயந்திரம், அந்நிய விமானிகள், யாழ்ப்பாணத்துப் பயணிகள். பாதுகாப்பு அனுமதி எடுத்து, மூட்டையைப் பலமுறை அவிழ்த்துக் காட்டி, வலயத்துக்குள் பஸ்ஸில் கொண்டுபோகப்பட்டு ஏறுவது. சிகிச்சைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள், கடவுச்சீட்டு அலுவலாகப் போகிறவர்கள்.

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பிற்பகல் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் 602, சில நிமிடங்களில் மன்னார்க் கடற்பகுதியின்மேல் தொடர்பற்றுப் போனது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். பயணிகள் அனைவரும் தமிழர். இராணுவத்தினரை ஏற்றக்கூடாது என்று அந்தச் சேவைக்குப் புலிகளின் எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. புலிகள் உரிமை கோரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை, எனவே செத்தவீடும் இல்லை. சில குடும்பங்கள் விமானம் எங்கோ கடத்தப்பட்டிருக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் நம்பின. போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 2012இல், கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரின் தகவலைக் கொண்டு இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 2014இன் தொடக்கத்தில், கடலிலிருந்து எடுத்த துணிமணிகளை யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தார்கள், உறவினர் வந்து அடையாளம் காண்பதற்காக. பதினைந்து ஆண்டு உப்புநீரில் கிடந்த ஒரு சேலைத் துண்டையோ சட்டையையோ தேடிப் போனவர்களின் வரிசையை, விமானப் போக்குவரத்து வரலாறு என்ற தலைப்பின்கீழ் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். பலாலியிலிருந்து கிளம்பிய பயணிகள் சேவைகளில் எங்கள் ஊர்களில் அதிகம் பேசப்பட்டது அதுதான்.

2002 சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தது. எக்ஸ்போ எயார் பலாலிக்குப் பறந்தது. 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்ததும் வீதி மூடப்பட்டது. மறுபடி விமானச்சீட்டுக்காக வரிசை, மறுபடி கிளியரன்ஸ். 2009இன் பின் விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் சேவை, சீனத் தயாரிப்பான எம்.ஏ.60 விமானங்களோடு சில காலம் ஓடியது. 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியதும் உள்ளூர் விமானத்தின் தேவை தணிந்தது. கொழும்புக்கு ரயிலில் கால் நீட்டிக்கொண்டு போகலாம் என்றால் யார் விமானத்துக்குச் செலவழிப்பார்? எஞ்சியிருந்த உண்மையான தேவை வடக்கே கடலுக்கு அப்பால் இருந்தது.

அதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபோது வேலை அசுர வேகத்தில் நடந்தது. ஜூலையில் புனரமைப்புத் தொடக்கம், அக்டோபர் 17இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் திறந்துவைப்பு. நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் என்பதையும் சேர்த்துப் படித்தால் வேகம் புரியும். திறப்பு நாளன்று சென்னையிலிருந்து இந்திய அரசின் அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. பலாலி இனி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் சிங்களம் அடுத்தும் ஆங்கிலம் மூன்றாவதாகவும் இருந்ததைக் கண்டு தெற்கில் சிலர் கொதித்தார்கள். சில வார காலம், விமானம் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைவிடப் பலகையில் எது மேலே என்பதே நாட்டின் பெரிய கேள்வியாக இருந்தது.

நவம்பர் 11இல் வணிகச் சேவை தொடங்கியது. நான்கு மாதம் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. உலகமெங்கும் விமானங்கள் திரும்பிப் பறந்த பிறகும் பலாலிக்கு மட்டும் திரும்பவில்லை. 2022 டிசம்பர் 12 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கட்டுநாயக்கவைத் திறந்த அரசு இதைத் திறக்க ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்ற கேள்வி தமிழ்ப் பத்திரிகைகளில் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

இங்கே ஓடுபாதைக்கு வருவோம். பலாலி ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீற்றர் என்று ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் 2019இல் அவசரமாகச் சீரமைத்துப் பயணிகள் சேவைக்குக் கொடுத்தது அதில் ஒரு பகுதியைத்தான். மீதியைப் படிப்படியாகப் பார்த்துக்கொள்வோம் என்பது திட்டம். அதனால்தான் ஏ.டி.ஆர். 72. பிரான்ஸின் துலூசில் உருவாகும் இந்த விமானத்தின் இறக்கைகளில் ஆறு அலகு கொண்ட விசிறிகள் சுழலும். எழுபதிலிருந்து எழுபத்தெட்டுப் பேர் அமரலாம். உச்ச எடை 23 தொன் அளவில். அந்த எடையோடு ஏற ஏறத்தாழ 1,300 மீற்றருக்குச் சற்று மேலான பாதை வேண்டும். 180 பேரை ஏற்றும் ஏர்பஸ் 320க்கு முழு எடையில் 2,100 மீற்றர் அளவு வேண்டும், கூடவே ஓடுபாதையின் தடிப்பும் வேறு.

இந்த எண்கள் குளிர்நாட்டுக் கணக்கு. யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் தரை கொதிக்கும்போது காற்று ஐதாகிவிடும். ஐதான காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு, இயந்திரத்துக்கு வலு குறைவு. அதே எடையைத் தூக்க இன்னும் நீண்ட ஓட்டம் வேண்டும். பாதை நீளாது என்றால் எடை குறைய வேண்டும். விமானத்தின் சொந்த எடை போக, எடை என்பது மூன்றே மூன்று: எரிபொருள், ஆள், பொதி. எரிபொருளில் கைவைக்க முடியாது. இறங்கும் இடத்தில் வானிலை கெட்டால் வேறொரு நிலையத்துக்குத் திரும்பப் போதுமான இருப்பும் வேண்டும். எனவே சில இருக்கைகளை விற்காமல் விடுவது, அல்லது பொதியின் அளவை இறுக்குவது. சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்: கலியாணக் கூறைச் சேலை, பாத்திரம், புத்தகக்கட்டு, பட்சணம். தராசு முன்னால் நின்று பெட்டியைத் திறந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று குடும்பமே விவாதிக்கும். அந்த விவாதத்தின் வேர், தரையில் போட்ட தாரின் நீளத்தில் இருக்கிறது. விற்க முடியாத ஒவ்வோர் இருக்கையின் செலவும் விற்ற இருக்கைகளின் தலையில் விழும். அதனால்தான் இவ்வளவு குறுகிய பயணத்துக்கு இவ்வளவு கட்டணமா என்ற முணுமுணுப்பு.

அப்படியானால் ஓடுபாதையை நீட்டலாமே? இங்கேதான் பொறியியல் முடிந்து காணி உறுதி தொடங்குகிறது. பாதையின் இரு முனைகளிலும் வெறும் தரை இல்லை. தோட்டக் காணிகள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள், கிணறுகள். 2013 ஏப்ரலில் அரசு வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்களை எங்கே தேடுவது என்று தெரியாததால் அறிவித்தலை மரத்தில் ஒட்டினார்களாம். உரிமையாளர்கள் அப்போது நலன்புரி முகாம்களிலும், சொந்தக்காரர் வீடுகளிலும், கடல்கடந்தும் இருந்தார்கள், தெரியாத இடமில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015க்குப் பின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் நூறு ஏக்கர் சொச்சம். ஒவ்வொரு விடுவிப்புக்கும் ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு படம். மீதி இன்னும் கம்பிவேலிக்குள்.

ஆகவே விமான நிலைய விரிவாக்கம் என்ற சொல் சென்னையில் ஒலிக்கிற மாதிரி இங்கே ஒலிப்பதில்லை. இங்கே ஒரே குடும்பத்துக்குள் இரண்டு குரல் கேட்கும். ரொறன்ரோவிலிருக்கும் மகன் கட்டுநாயக்கவில் இறங்கி ஏழெட்டு மணிநேரம் வாகனத்தில் வராமல் நேரே ஊருக்கு வந்து இறங்க வேண்டும் என்பான். தாய் தன் பதினெட்டுப் பரப்புக் காணி ஓடுபாதை ஓரத்தில் இருக்கிறது, அதை எழுதிக்கொடுக்க மாட்டேன் என்பாள். இருவர் சொல்வதும் நியாயம். இராணுவக் குடியிருப்புகளும் பண்ணைகளும் அடக்கிவைத்திருக்கும் நிலத்தை முதலில் கணக்கெடுத்து, விமான நிலையத்துக்கு உண்மையாகவே எவ்வளவு வேண்டும் என்பதைத் தனியே பிரித்துச் சொல்லும் வரைபடம் ஒன்றை எந்த அரசாவது மக்கள் முன் விரித்திருந்தால் இந்தத் தகராறின் பாதி தீர்ந்திருக்கும். பாதுகாப்பு வலயமும் பயணிகள் நிலையமும் ஒரே வேலிக்குள் கலந்து கிடக்கும்வரை, ஒன்றின் பெயரால் மற்றது நீளும் என்ற சந்தேகம் தீராது. அந்தச் சந்தேகத்துக்கு முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது.

சேவைகள் இப்போது கொஞ்சம் தடித்திருக்கின்றன. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ சென்னைத் தடத்தில் இறங்கியது. 2025 மார்ச் 30இல் திருச்சிராப்பள்ளிச் சேவையும் தொடங்கியது. விகாரமகாதேவி ஓடிச் சிதைந்த தடத்தில் மறுபடி ஒரு விமானம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கப்பலும் விமானமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. மூட்டை அதிகமுள்ளவர் கப்பலுக்கும், நேரம் குறைவானவர், கப்பலில் வயிறு குமட்டுகிறவர் விமானத்துக்கும் போகிறார்கள். கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கப்பல்காரர்கள் கையை விரிப்பார்கள். அப்போது விமானம் மட்டும்.

வாசல் திறந்தால் எல்லையும் கூடவே வந்து நிற்கும். 2025 மே இறுதியில், ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். குற்றம்: போர்க்காலத்தில் உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறியது. பின்னர் பிணையில் வந்தார். அவர் வெளியேறியபோது இந்த நிலையத்தில் குடிவரவு மேசை இருந்திருந்தால், முத்திரை குத்திக்கொண்டு போயிருப்பார்.

வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகும் பிரதான வீதி 2025 ஏப்ரல் 10ஆம் திகதி திறக்கப்பட்டது, ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பிறகு. திறந்தபோது காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரைதான் அனுமதி. வழியில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது என்று விதித்திருந்தார்கள். ஓடுபாதையை ஒட்டிப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு பக்கத்து யன்னலுக்கு மொய்க்கிறார்கள். கூரையில்லாத சுவர்கள், ஆலமரம் முளைத்த கோபுரம், துலா இல்லாத கிணறு. வடகிழக்கிலிருந்து ஒரு ஏ.டி.ஆர். தாழ்ந்து வருகிறது. அதன் யன்னலிலிருந்தும் அதே கிணறு தெரியும். அதற்குப் பக்கத்துக் காணி ஆருடையது என்று சொல்லக்கூடிய ஒருவர், இந்தியாவில் பேரப்பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்திவிட்டு, அந்த விமானத்தில் வந்துகொண்டிருக்கலாம். பஸ் நிற்காமல் போகிறது.